எண்பத்தொரு சதவீதம்

எண்பத்தொன்றுதான் ஏன்? காலை ஆறு ஐம்பதுக்குப் பெரம்பூரில் கம்பெனிப் பேருந்தில் ஏறி, மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்து நிமிர்ந்தபோது அந்தக் கேள்வி எனக்கு முன்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பல் தேய்க்கும்போதும் அதுதான். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றபோதும் அதுதான். "என்ன யோசனை, கருகுது பாரு" என்று குமரவேல் சொன்னபோது, "எண்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவர் அடுப்பை அணைத்தார். பதினாறு வருஷமாக ஒரு கெமிக்கல் இன்ஜினியரோடு குடித்தனம் நடத்துகிறவர், எண்கள் வாயிலிருந்து விழுவது பழகிவிட்டது. எபாக்சி, அமீன் என்று இரண்டு ரசாயனங்கள். நூறு பங்கு எபாக்சி உள்ளே போனால், அதில் தொண்ணூற்றைந்து பங்கு அமீனோடு சேர்ந்து வேறு பொருளாக மாறி வெளியே வர வேண்டும். அப்படி வருவதற்குத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆலையின் ரியாக்டருக்கு, இரண்டும் கலந்து மாறுகிற பாத்திரத்துக்கு, அளவு கணக்கிட்டேன். ஆறாயிரம் லிட்டர். ஐந்து வருஷத்துக்கு மேல் தொண்ணூற்றைந்து வந்துகொண்டுதான் இருந்தது. இந்தப் பொங்கலுக்குப் பிறகு எண்பத்தொன்று. மாறாத எபாக்சி நெடியடிக்கிறது என்று வாங்கினவர்கள் பீப்பாய் பீப்பாயாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாராவது ஒருவர் காரணமாக இருந்தாக வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து ரியாக்டரைத் திரும்ப ஓட்டியவர் தணிகாசலம். சரக்கு உள்ளே போகும் வால்வை அளவு பார்த்து வைத்துப் பூட்டியவரும் அவர்தான், மற்ற ஷிஃப்டுகள் அதைத் தொடவில்லை. அதனால், வேகமாக ஓட்டி வேலையை முடிப்பதற்காக வால்வை அதிகமாகத் திறந்துவிட்டு லாக் புக்கில் பொய்யாக நிமிஷத்துக்கு இருபது லிட்டர் என்று எழுதினார் என்பது குற்றச்சாட்டு. இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். மூன்று வாரமாக சஸ்பென்ஷன். இன்று பத்து மணிக்கு விசாரணை. தொழில்நுட்பச் சாட்சி நான், திலகவதி, டிசைன் பிரிவு. என் வாக்குமூலத்தை பிளான்ட் மேனேஜர் கோதண்டராமன் சாரே டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். கையெழுத்து மட்டும் போட வேண்டும். பையில், டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் இருக்கிறது.

எனக்குக் கையெழுத்துப் போடத் தயக்கம் ஒன்றும் இல்லை, இல்லை என்றுதான் நேற்று வரை நினைத்தேன். ஆனால் அவர் வெளியே போய் மூன்று வாரம், எண்பத்தொன்று உள்ளேயே இருக்கிறது. அதைக் கேட்டதற்கு கோதண்டராமன் சார், "அந்த ஓட்டம் பாக்குற மீட்டரையே கெடுத்து வச்சிட்டான், இப்பவும் தப்பாக் காட்டுது, புதுசு ஆர்டர் போட்டிருக்கு" என்றார். இருக்கலாம். பேருந்து நகர்ந்துவிட்டது. கொளத்தூர்ப் பக்கம் திரும்பும் இடத்தில் பூக்காரி கூடையிலிருந்து தண்ணீரை உதறுகிறாள், ஜன்னல் கம்பியில் நாலு துளி. ஒரு ரியாக்டருக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இன்னும் கையை ஆட்டித்தான் சொல்வேன், வார்த்தை போதாது. மேலிருந்து எபாக்சியும் அமீனும் சன்னமாக விழுந்துகொண்டே இருக்கும், நடுவில் துடுப்பு சுற்றும், கீழே அதே அளவு வெளியே போய்க்கொண்டே இருக்கும். உள்ளே விழுந்த புதுச் சரக்கு அடுத்த நொடியே பழைய சரக்கோடு கலந்துவிடும். உள்ளே எந்த மூலையில் மொண்டு பார்த்தாலும் வெளியே போவது எதுவோ அதேதான். அதாவது, தொண்ணூற்றைந்து மாறி ஐந்தே மிச்சம் இருக்கிற அந்த நீர்த்த கலவையிலேயேதான் வேலை முழுக்க நடந்தாக வேண்டும். கல்லூரியில் இதை முதலில் கேட்ட அன்று விடுதிக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. ஒரு கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். எவ்வளவு மாறியிருக்கிறது என்பது கீழே, அதற்கு மேல் மாறுவதற்கு எவ்வளவு சிரமம் என்பது மேலே. கோடு முதலில் சாதுவாகப் போகும். எழுபது, எண்பது வரைக்கும் சொன்ன பேச்சுக் கேட்கும். தொண்ணூறைத் தாண்டியதும் தலை தெறிக்க மேலே ஏறும். கடைசி ஐந்து பங்குக்காகப் பாத்திரம் பூதமாக வளரும். மாறியதை மிச்சத்தால் வகு, அவ்வளவுதான் சமன்பாடு. தொண்ணூறுக்கு ஒன்பது. தொண்ணூற்றைந்துக்குப் பத்தொன்பது. தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது. அன்றைக்கு இரவு மெஸ்ஸில் சாம்பாரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே நின்றேன், பின்னால் நின்றவள் முதுகில் தட்டினாள். எனக்கு அது பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. மிச்சம் குறையக் குறைய ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒன்றிலிருந்து மாறியதைக் கழித்தால் மிச்சம், அந்த மிச்சம்தான் கீழே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டி வைக்கிறது.

மாதவரம் ரவுண்டானாவில் எஸ்தர் ஏறினாள். லேபில் சாம்பிள் பார்க்கிறவள், எண்பத்தொன்று என்று முதலில் எழுதிய கை அவளுடையது. வழக்கமாக உட்கார்ந்த உடனே துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள். இன்றைக்குத் தூங்கவில்லை. "இன்னிக்குத்தானேக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "தணிகாசலம் அண்ணன் அப்படிப் பண்றவரு இல்லக்கா. சாம்பிள் பாட்டில்ல மூடி சரியில்லன்னா தானே மாத்தி எடுத்துட்டு வந்து குடுப்பாரு." எனக்கு எரிச்சல் வந்தது, நல்லவர் கெட்டவர் பேச்சில்லையே இது, எண் பேச்சு. "எஸ்தர், எண்பத்தொண்ணு எப்படி வருது? ஏறி இறங்குதா?" அவள் யோசித்தாள். "இல்லக்கா, அதான் ஆச்சரியம். எண்பது, எண்பத்தொண்ணு, எண்பத்தொண்ணு, எண்பத்திரண்டு, எண்பத்தொண்ணு. நான் நம்ம மெஷின்தான் மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு, அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்டு போட்டுப் பார்த்தேன், சரியா காட்டுது." "பொங்கலுக்கு முன்னாடி?" "தொண்ணூத்தஞ்சுதான். போகிக்கு முந்தின நாள் ஷட்டவுன் பண்ணாங்களே, அன்னிக்குக் காலைலகூடத் தொண்ணூத்தஞ்சு." அவ்வளவு சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போனாள், எப்படித்தான் முடிகிறதோ, தலை என் தோளில் விழுகிறது, தள்ளவில்லை. மாட்டிக்கொண்டது மெஷின் இல்லை, நான். குழப்படி செய்கிறவன் கையிலிருந்து வருகிற எண் இப்படி நிற்காது. அது ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்த எண். யாரோ அதை அங்கே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பையிலிருந்து விசாரணைக்கு வரச் சொன்ன கடிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது. பேனா. எண்பத்தொன்றைப் பத்தொன்பதால் வகுத்தால் நாலேகால். தொண்ணூற்றைந்துக்கு வேண்டியது பத்தொன்பது. அப்படியென்றால் சரக்கு உள்ளே தங்குகிற நேரம் நாலரை மடங்கு குறைந்திருந்தால்தான் எண்பத்தொன்று வரும். ஐந்து மணி நேரம் தங்க வேண்டிய சரக்கு ஒரு மணி சொச்சத்தில் வெளியே ஓடியிருக்க வேண்டும். நிமிஷத்துக்கு இருபது லிட்டர் போக வேண்டிய இடத்தில் தொண்ணூறு லிட்டர். தொண்ணூறா? அந்த பம்ப் வாயைப் பிளந்தாலும் முப்பத்தைந்துக்கு மேல் தள்ளாது, அதை வாங்கிய பட்டியலிலும் என் கையெழுத்துதான். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு வீட்டுக்கே போயிருந்தாலும் தணிகாசலத்தால் எண்பத்தொன்றைக் கொண்டுவந்திருக்க முடியாது. தொண்ணூறுக்குக் கீழே போயிருக்கவே போயிருக்காது. பேனா அப்படியே நின்றது. இவ்வளவுதானா? மூன்று வரி. இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை போடுகிற கணக்கு. மூன்று மாதமாக எத்தனை மீட்டிங், எத்தனை டீ, எத்தனை பிஸ்கட் தட்டு, ஒருத்தர்கூட இந்த மூன்று வரியைப் போடவில்லை. நான் போடவில்லை. ஆள் கிடைத்துவிட்டதும் எண்ணை விட்டுவிட்டோம். புழல் ஏரிக் கரை பக்கமாகப் போகிறது பேருந்து, தண்ணீர்மேல் வெயில் இன்னும் கூசவில்லை. காலையில் முதல் தடவையாக மூச்சு நன்றாக இழுத்துவிட்டேன். அவர் இல்லை. சரி. அப்புறம் என்ன? வெப்பமா? ஸ்டீம் சார்ட்டை நானே பார்த்தேன், ஒரு டிகிரி பிசகில்லை. துடுப்பு? சுற்றுகிறது. பாத்திரம் அதே பாத்திரம், ஆறாயிரம் லிட்டர், சுருங்கவா செய்யும்? ஓட்டம் அதே, வெப்பம் அதே, பாத்திரம் அதே, ஆனாலும் மிச்சம் ஐந்திலிருந்து பத்தொன்பதாகிவிட்டது. சமன்பாட்டில் வேறு என்ன இருக்கிறது? வினை நடக்கிற வேகத்தைச் சொல்கிற k இருக்கிறது. அது மாறிலி. மாறிலி மாறாது, அதனால்தானே அதற்குப் பெயர் மாறிலி. நாலு வருஷப் படிப்பும் பதினெட்டு வருஷ வேலையும் சேர்ந்து எனக்கு அதைச் சொன்னது, நான் தலையாட்டினேன், தலையாட்டிக்கொண்டே ஏதோ உறுத்தியது, என்ன என்று தெரியவில்லை.

செங்குன்றத்தில் எப்போதும் கூட்டமாக ஏறுவார்கள். பெரம்பூரில் நான் ஏறும்போது நாற்பது இருக்கைக்கு நாலு பேர், கண்ணை மூடிக்கொண்டு எங்கே உட்கார்ந்தாலும் இடம்தான். செங்குன்றத்துக்காரர்கள் அப்படி உட்கார முடியாது. ஒவ்வொருவராக உள்ளே வந்து, படிக்குப் பக்கத்தில் நின்று, கழுத்தை நீட்டி, காலியிடம் எங்கே என்று தேடி, நடந்து, அது பை வைத்த இடம் என்று தெரிந்து, திரும்பி வந்து. ஸ்டோர்ஸ் ராஜமாணிக்கம் இரண்டு தடவை நடந்துவிட்டார். மனுஷர் அதே மனுஷர்தான், கால் வேகம் அதே வேகம்தான். இடம் குறைச்சல், அதனால் உட்கார நேரமாகிறது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "என்ன மேடம்?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையை அசைத்தேன். அமீன். ஒரு எபாக்சிக்கு நாலு அமீன் என்று வைத்து எடுத்த கணக்கு அது. நாலில் ஒன்று செலவானால் மூன்று மிச்சம், எபாக்சி எந்தப் பக்கம் திரும்பினாலும் அமீன். அமீன் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம், எப்போதும் தாராளம். அதனால் அதைத் தனியாக எழுதாமல் k-க்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டோம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், செய்யலாம், அமீன் தாராளமாக இருக்கிற வரைக்கும். இப்போது தாராளம் இல்லை. போன வருஷம் அமீனைத் திரும்பப் பிரித்தெடுக்கிற டவர் அடைத்து அடைத்துக் கழுத்தறுத்ததில், நாலுக்குப் பதிலாக ஒன்றரை போதும், மீதி அளவுக்குக் கரைப்பானை ஊற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பொங்கல் ஷட்டவுனில்தான் அமீன் அளவு போடுகிற பம்பை மாற்றி அமைத்தார்கள். ஒன்றரையில் ஒன்று செலவானால் மிச்சம் அரை. அரை இருக்கையைத் தேடிக்கொண்டு ராஜமாணிக்கம் நடக்கிறார். வேகமாக எழுதினேன். பேருந்து குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. மாறியதை, மிச்ச எபாக்சியையும் மிச்ச அமீனையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். பழைய கணக்கில் 0.95, கீழே 0.05, அதோடு 3.05. ஆறேகால் கிட்ட வருகிறது. இந்த ஆறேகால்தான் அந்தப் பாத்திரத்தின் தெம்பு, அது மாறாது. இப்போது அமீன் ஒன்றரை. எவ்வளவு மாறினால் ஆறேகால் வரும்? எண்பத்தைந்து போட்டுப் பார்த்தேன், எட்டேமுக்கால், அதிகம். எண்பது போட்டேன், ஐந்தேமுக்கால்கூட இல்லை, குறைவு. எண்பத்தொன்று போட்டேன். 0.19, 0.69, பெருக்கு, வகு. ஆறு புள்ளி ஒன்று எட்டு. எண்பத்தொன்று. நான் சிரித்துவிட்டேன், சத்தமாக. எஸ்தர் தோளிலிருந்து தலையை எடுத்து, "என்னக்கா?" என்றாள். "வந்துடுச்சு" என்றேன். அவள் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றுவிட்டாள். உட்கார் உட்கார் என்று இழுத்து உட்கார வைத்தேன். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. மூன்று மாதமாக அங்கே உட்கார்ந்திருந்த எண், தானே விரும்பி உட்காரவில்லை, போட்ட கணக்குக்குக் கீழ்ப்படிந்து உட்கார்ந்திருக்கிறது. இதைவிட ஒழுங்கான ரியாக்டர் உண்டா? எவ்வளவு அழகாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.

காரனோடை டோல்கேட்டில் வண்டி நின்றபோதுதான் அடுத்தது வந்தது. அமீனைக் குறைப்பதற்கு முன்னால் ஒரு தாள் சுற்றில் வரும். மாற்றக் குறிப்பு. அதில் ஏழாவது வரி: ரியாக்டர் அளவில் பாதிப்பு உண்டா? டிசைன் பிரிவு பதில் எழுத வேண்டும். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். சமன்பாட்டை எடுத்துப் பார்த்திருப்பேன், அதில் அமீனே இல்லை, அதனால் பாதிப்பும் இல்லை. நான்தான் சுருட்டி உள்ளே வைத்தேன், வைத்ததை மறந்துவிட்டு, காணோம் அதனால் இல்லை என்று எழுதினேன். சிரித்த வாய் இன்னும் முழுசாக மூடவில்லை என்று தோன்றியது, கையால் மூடிக்கொண்டேன். என்ன நாள் அது? ஜூலை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த வாரமா? இல்லை, அது ஆகஸ்ட், ஆடிப்பூரத்தன்று கட்டுப் பிரித்தார்கள். எனக்கு ஜுரமா? ஜுரம் வந்தது நவம்பரில். கோதண்டராமன் சார் அவசரப்படுத்தினாரா? ஒருவேளை, உடனே வேண்டும் என்று ஆள் அனுப்பியிருப்பார். இல்லை. நினைவு வந்துவிட்டது, வர வேண்டாம் என்றாலும் வந்துவிட்டது. மத்தியானம், தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு மேஜைக்கு வந்திருந்தேன், மின்சாரம் இருந்தது, ஏசி ஓடியது, வேறு வேலைகூட இல்லை, ஜன்னல் வழியாக வேப்ப மரத்தில் அணில் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நிறைய நேரம் இருந்தது. ஒரு காரணமும் இல்லை. காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. தச்சூர் கூட்டுச் சாலை. பஞ்செட்டி எப்போது போனது? வாக்குமூலத்தை எடுத்துப் படித்தேன். 'மேற்படி ரியாக்டரின் கொள்ளளவு, வடிவமைப்பின்படி, போதுமானது.' வடிவமைப்பின்படி. பொய் இல்லை இது. வடிவமைத்தபோது நாலு அமீன், அதற்கு ஆறாயிரம் லிட்டர் போதும், போதுமானதுதான். அதற்குப் பிறகு மாறியது இந்த விசாரணையில் யாரும் என்னைக் கேட்காத விஷயம். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விசாரணையில் பம்ப் கணக்கை மட்டும் சொல்லலாம். தொண்ணூறு லிட்டர் அந்த பம்பால் முடியாது என்று சொன்னாலே அவர் தப்பித்துவிடுவார். எண்பத்தொன்றுக்குக் காரணம் ஆய்வில் இருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து நானே மெதுவாக, ஒரு யோசனை சார், அமீனைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா என்று ஆரம்பிக்கலாம். கெட்டிக்காரி என்றுகூடச் சொல்வார்கள். எவ்வளவு சீக்கிரம் இதையெல்லாம் யோசிக்கிறது என் மூளை, எண்பத்தொன்றைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது, ஒளிந்துகொள்ள தச்சூரிலிருந்து கவரைப்பேட்டை வரை போதும். டிசைனுக்கு முதலில் வந்த பெண் நான். இல்லை என்று எழுதினது நான்தான் என்று சொன்னால், என்னைப் பற்றி மட்டுமா பேசுவார்கள், எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்களையும் சேர்த்துத்தான். குமரவேல் என்ன சொல்வார்? சொல்லிவிட்டு வா என்பார். அவருக்கென்ன, அவர் உள்ளே போய் நிற்கப் போவதில்லை. ஆனால் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிற கணக்கு அவ்வளவு சரியாக வந்திருக்கிறது. இதைப் பாதியில் வெட்டி, பம்ப் வரைக்கும் காட்டிவிட்டு மீதியை மடித்து வைப்பதா? பயத்தைவிட அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதை நல்ல குணம் என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை.

தொழிற்பேட்டைக்குள் நுழைந்து எங்கள் கேட்டில் இறங்கும்போது எட்டு பத்து. டைம் ஆபீசுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் தணிகாசலம் நின்றிருந்தார். சலவை வெள்ளைச் சட்டை, காலர் பட்டன்வரை போட்டிருந்தார். சஸ்பென்ஷனில் இருப்பவரைப் பத்து மணிக்கு முன் உள்ளே விட மாட்டார்கள். அவரைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி போனார்கள். நான் போய் நின்றேன். "அண்ணே, சீக்கிரமே வந்துட்டீங்களா?" "வூட்ல குந்தினு இன்னா பண்றது மேடம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளை நீட்டினேன். "நீங்க வால்வ கூடத் தெறக்கல. கணக்கு போட்டுட்டேன். தெறந்திருந்தாலும் இது வராது." அவர் தாளை வாங்கவில்லை. "நா அத்தத்தானே மேடம் மூணு மாசமா சொல்றேன். மீட்டர்ல குண்டு இருவதுலதான் நின்னுச்சு. இருவதுன்னுதான் எழுதினேன்." "ஆமாம்ணே. அமீனக் கொறச்சதுதான் காரணம். கொறைக்கலாமான்னு என்னைக் கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதிக் குடுத்தேன். தப்பு என்னுது." அவர் இப்போது பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ஒரு லாரி உள்ளே போக வழிவிட்டு இருவரும் சுவரோரம் ஒதுங்கினோம். லாரி போனபின் அவர், "அதான் சைட் கிளாஸ்ல நெறம் வேற மாறி இருந்துச்சா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "பொங்கலுக்கு அப்பறம், அந்தக் கண்ணாடி வழியா பாத்தா, வெளிய வர்ற சரக்கு வெளுத்துப் போய் இருந்துச்சு மேடம். லாக் புக்குல எழுதினேன், நெறம் கம்மி, நெறம் கம்மின்னு நாலு நாளு. யாரும் கேக்கல." நான் லாக் புக்கில் ஓட்டத்தை மட்டும் பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் அவர் எழுதியதைப் பார்க்கவில்லை. "அப்போ எவ்ளோ பெருசு இருந்திருக்கணும் மேடம் அந்த டேங்க்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் வேலை போகுமா இருக்குமா என்பதெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சுவரில் தாளை வைத்துப் போட்டேன். ஐந்தரை மடங்கு. முப்பத்து மூவாயிரம் லிட்டர். "யப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மோவாயைத் தடவிக்கொண்டே, "இதே சைஸுல இன்னொண்ண பின்னாடி வச்சா? இதுல வர்றத்த அதுல உட்டு? பாய்லர் பின்னாடி ஒண்ணு சும்மாத்தானே கெடக்குது" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. முதல் பாத்திரம் எண்பத்தொன்று வரை கொண்டுவந்துவிடும், இரண்டாவதுக்கு மிச்சம் பத்தொன்பதில் தொடங்கினால் போதும். போட்டுப் பார்த்தேன். அவர் தாள் பறக்காமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூற்றைந்து புள்ளி ஏழு. இரண்டு தடவை போட்டேன், அதேதான். முப்பத்து மூவாயிரம் வேண்டாம், இன்னொரு ஆறாயிரம் போதும். இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் மூலையை விட்டுவிட்டு, "எம் பொண்ணு கேட்டா மேடம்" என்றார். "பிளஸ் ஒன் படிக்கிறா. நெசமாவே நீ பண்ணலியாப்பான்னா. இல்லம்மான்னேன். தலைய ஆட்டினா. நம்பினாளா இன்னான்னு தெரில."

விசாரணை நாற்பது நிமிஷம் நடந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வயதான வக்கீல், கெமிஸ்ட்ரி தெரியாது, அதனாலேயே பொறுமையாகக் கேட்டார். டைப் அடித்த வாக்குமூலத்தைக் கையெழுத்தில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினேன். பம்ப், பிறகு அமீன், பிறகு மாற்றக் குறிப்பின் ஏழாவது வரி. ஏழாவது வரியைத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். கோதண்டராமன் சார், "திலகவதி, நீங்க என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா? இதை எழுத்துல தருவீங்களா?" என்றார். "தரேன் சார்" என்றேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 0.19 என்ற இடத்தில் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவரும் ஒரு காலத்தில் இந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தவர்தான். மத்தியானத்துக்குள் தணிகாசலத்தின் சஸ்பென்ஷனை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஏழு நாளில் விளக்கம் தரச் சொல்லிக் கடிதம் வந்தது. அடுத்து வரவிருந்த புதிய பிளான்ட்டின் டிசைன் வேலை எனக்குக் கிடைக்காது என்று கடிதத்தில் இல்லை, ஆனால் அதுவும் வந்துவிட்டது. மேஜையில் உட்கார்ந்து அணில் மரத்தைப் பார்த்தேன், அணில் இல்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. அதற்குப் பக்கத்திலேயே, முதல் பாத்திரத்தைச் சின்னதாகவும் இரண்டாவதைப் பெரியதாகவும் வைத்தால் என்ன ஆகும், மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை.

மூன்று மணிக்கு தணிகாசலம் கேன்டீனில் என்னைத் தேடி வந்தார். யூனிஃபார்முக்கு மாறியிருந்தார். நன்றி என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆர்டர் காப்பியைக் காட்டினார், ஆங்கிலம். "இதுல இன்னா போட்டிருக்குன்னு எம் பொண்ணு படிச்சிடுவா மேடம். உட்டுட்டாங்கன்னு போட்டிருக்கு. நா பண்ணலன்னு போடல." ஆமாம், அப்படித்தான் இருந்தது, போதிய ஆதாரம் இல்லாததால் என்று. "நீங்க காலைல போட்டீங்களே, அத்த எழுதித் தாங்க. தமிழ்ல. கணக்கோட எழுதுங்க, அவ கணக்குல நல்லா வருவா. அவளே போட்டுப் பாக்கட்டும்." டீ கிளாசைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நோட்டுத் தாளை எடுத்தேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு ரியாக்டர் கணக்கைக்கூட நான் தமிழில் எழுதியதில்லை. முதல் வரியிலேயே நின்றேன், கன்வெர்ஷன் என்பதற்கு என்ன எழுதுவது? மாற்றம் என்று எழுதி, போதாது என்று அடித்து, 'நூறு பங்கில் எத்தனை பங்கு மாறியது' என்று முழுசாக எழுதினேன். அது நன்றாக இருந்தது. மிச்சம் என்று எழுதினேன். தங்கும் நேரம் என்று எழுதினேன். ஓட்டம் இருபது, உன் அப்பா வைத்தது, சரியான அளவு, என்று எழுதினேன். பிறகு பம்ப். பிறகு அமீனைக் குறைத்தது, குறைக்கலாம் என்று எழுதியது யார் என்பது, பெயரோடு. எண்பதைப் போட்டுப் பார், எண்பத்தைந்தைப் போட்டுப் பார், பிறகு எண்பத்தொன்றைப் போட்டுப் பார், என்று எழுதி விடைக்கு இடம் விட்டேன். இரண்டாவது டேங்க் அவர் யோசனை என்பதையும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அவர் எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார், உதடு அசைந்தது. நாலாவது வரியில் விரல் நின்றது. "மேடம், இந்த மூணு புள்ளி பூஜ்யம் அஞ்சு எப்பிடி வருது? நாலு இல்ல போட்டோம்?" என்றார். நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். அவர் உட்கார்ந்ததும் பேனாவைத் திறந்து, நாலு வட்டம் வரைந்து, ஒன்றை மட்டும் அடிக்கத் தொடங்கினேன்.